சுனை மீனும் தொட்டி மீனும்



பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகத்தில் ஸ்ரீகுலசேகராழ்வார் முதலில் திருவேங்கடத்துக் கோனேரியில் வாழும் குருகாகப் பிறக்க ஆசைப்படுகிறார். அடுத்த பாசுரத்திலேயே அதை விட்டு, அம்மலைச் சுனையில் மீனாகப் பிறக்க ஆசைப்படுகிறார். குருகுக்குச் சிறகு உண்டு, திருமலையை விட்டுப் பறந்து போகவும் கூடும்; மீனுக்கோ அந்நீரை விட்டால் வேறு போக்கில்லை என்று பெரியோர் இதற்குக் காரணம் காட்டுவர். இப்பதிகத்தை எத்தனையோ முறை ஸேவித்திருக்கிறோம். ஆனால் வேறு போக்கில்லாத மீன் ஒன்று எப்படி இருக்கும் என்பதை நாம் கண்ணால் கண்டது சென்ற ஆண்டில்தான்.

பேரனுக்காகச் சென்னைக் கொளத்தூரிலிருந்து வாங்கி வந்த இரண்டு கோல்டு ஃபிஷ்களில் ஒன்று அது. ஆசாரமுள்ள அகத்தில் உலர்ந்த புழுவை வாங்கி வைப்பதா என்று முதலில் தடை சொன்னவர்கள் நாமே. குருணைத் தீவனமே போதும் என்று தெரிந்த பின்தான் இசைந்தோம். மூன்று ஆண்டுகள் நன்றாக இருந்த மீனுக்கு ஒரு நாள் வயிறு வீங்கத் தொடங்கிற்று. செதில்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, மேலிருந்து பார்த்தால் அன்னாசிப் பழத்தின் தோல்போல் தோன்றிற்று. டிராப்ஸி என்றார் கால்நடை மருத்துவர். சிறுநீரகம் தன் வேலையைச் செய்யாமல் உடலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நிலை. செதில் இவ்வளவு நிமிர்ந்த பின் பிழைப்பது அரிது என்றும் சொன்னார். தனிப் பாத்திரத்தில் விட்டு, எப்சம் உப்பு இட்டு, மருந்து கலந்த தீவனமும் கொடுத்துப் பார்த்தோம். அது உண்ணவில்லை. நான்காம் நாள் ஒருக்களித்து அடியில் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மருத்துவர் கிராம்புத் தைலத்தைப் பற்றிச் சொன்னார். அதிலுள்ள யூஜெனால் என்னும் பொருள் சிறிதளவில் மீனை மயங்கச் செய்யும். அளவு கூடினால், மயக்கத்திலேயே செவுளசைவு நின்றுவிடும். கழிவறையில் விட்டு நீரூற்றுவதும், உறைபெட்டியில் வைப்பதும் பலர் செய்வதே. அவை இரண்டும் கொடுமை, செய்யாதீர்கள் என்றார்.

மீனுக்கு வலிக்குமா என்ற கேள்வி எழுவது இயல்பு. 2003-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தார் ட்ரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்துக்கொண்டன. வெகுநேரம் இரையைத் தொடவில்லை. இந்தச் சோதனையையே ஒரு கொடுமையாக நினைப்போருக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. பாம்பின் வாயில் அகப்பட்ட தவளையின் கூக்குரலைக் கேட்டுக் கூரத்தாழ்வான் மோஹித்து விழுந்தார் என்பது ஐதிஹ்யம். தவளைக்குக் குரல் இருந்தது. மீனுக்கு அதுவும் இல்லை.

நண்பர் ஒருவர், ‘அதன் கர்மத்தை அது அநுபவித்துத் தீர்க்கட்டும், நடுவில் நாம் குறுக்கிட்டால் மிச்சத்திற்காக இன்னொரு பிறவி எடுக்க வேண்டிவரும்’ என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆயினும் இந்த வாதம் நமக்கு ஒருபோதும் ருசித்ததில்லை. பிறர் நோய்க்கு மட்டும் கர்மத்தைக் காட்டி, நம் முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் ஓடுவது எந்த நியாயம்? வாயில் முள் தைத்து வருந்திய பாம்பைக் கண்ட எம்பார் அதன் கர்மத்தைக் கணக்கிட்டுக்கொண்டு நிற்கவில்லை. அதன் வாய்க்குள் விரலை விட்டு முள்ளை எடுத்தார். எம்பார் எடுத்தது முள்ளை, உயிரை அன்றே என்று கேட்கலாம். மெய்தான். முள் எடுக்கக்கூடியதாய் இருந்தால் நமக்கு இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

இதைவிடக் கனமான தடை வேறொன்று. ஜீவன்கள் யாவும் எம்பெருமானுக்கே சேஷம். கடையில் பணம் கொடுத்ததால் அம்மீன் நமக்கு உடைமையாகிவிடாது. வங்கியில் வாடிக்கையாளர் பாதுகாப்புக்கு ஒப்படைக்கும் முத்திரையிட்ட பொட்டலத்தைப் பல ஆண்டுகள் கையாண்டவர்கள் நாம். அதை வைத்திருக்கலாம், திருப்பித் தரலாம். பிரித்துப் பார்க்கவும் அதிகாரமில்லை. அப்படியிருக்க, உயிரை அதன் ஸ்வாமி கேட்குமுன் நாமே அனுப்பிவைப்பது ஸ்வாதந்த்ர்யத்தின் உச்சமல்லவா? 1928-இல் ஸாபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியின்றித் துடித்த கன்றுக்குட்டியைக் காந்தியடிகள் ஊசி போட்டு முடிக்கச் செய்தபோது, அஹிம்ஸையை உயிராகக் கொண்டவர்களே அவரைக் கடிந்து எழுதினார்கள். அவர்களின் அச்சத்தில் இதுவும் ஒரு கூறாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இந்தத் தடையை நாம் எளிதில் தள்ளவில்லை. ஆனால் பாத்திரத்தருகே உட்கார்ந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அம்மீன் ஒரு சுனையிலோ குளத்திலோ இருந்து, இப்படித் தளர்ந்திருந்தால், முதல் நாளே குருகு ஒன்று கொத்திக்கொண்டு போயிருக்கும். தொட்டியில் குருகு இல்லை. அதை விலக்கியவர்கள் நாம். நீர் நம்முடையது, உப்பு நம்முடையது, காற்றுக் குமிழி விடும் மோட்டார் நம்முடையது. இந்த நெடிய சாவையே நாம்தான் உண்டாக்கினோம். குறுக்கிடலாமா என்று கேட்கும் கட்டம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கடந்துபோயிற்று.

தென்கலையாரும் வடகலையாரும் வேறுபடும் பதினெட்டு விஷயங்களுள் தயையின் லக்ஷணமும் ஒன்று. பிறர் துக்கம் கண்டு தானும் துக்கித்தலே தயை என்பர் ஒரு ஸாரார். தன் பயன் கருதாமல் பிறர் துக்கத்தைப் போக்க விரும்புதலே தயை என்பர் மற்றொரு ஸாரார். இது எம்பெருமானுடைய தயையைப் பற்றிய விசாரம். வணிகவியல் படித்த நாம் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த நான்கு நாட்களில் இரண்டு லக்ஷணங்களும் நம்மைச் சோதித்தன என்று மட்டும் சொல்லலாம். துக்கிப்பது நமக்கு எளிதாகவே இருந்தது. அருகில் உட்கார்ந்தோம், கண் கலங்கினோம், திருநாமம் சொன்னோம். மீனுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. போக்க விரும்புதலில்தான் இடறினோம். ‘தன் பயன் கருதாமல்’ என்ற நிபந்தனையை நிறைவேற்றுவது எப்படி? பார்க்கச் சகியாமல் முடித்துவிட்டால் அது நம் கண்ணுக்குச் செய்த உபகாரம். பாபத்திற்கு அஞ்சி விட்டுவைத்தால் அது நம் ஆத்மாவுக்குச் செய்த உபகாரம். இரண்டிலும் மீன் எங்கே?

உண்ணவில்லை, நிமிரவில்லை, மருந்தும் இல்லை என்ற மூன்றும் உறுதியான பின், மீனை மட்டும் நினைத்துப் பார்த்தால் விடை ஒன்றுதான் என்று தசமி மாலையில் தெளிந்தோம். மருந்துக் கடையிலிருந்து தைலமும் வந்தது. ‘அதுக்கு வலிக்காம தூங்கிடுமா, தாத்தா?’ என்று பேரன் கேட்டான். தூங்கிவிடும் என்றோம். மறுநாள் ஏகாதசி. உபவாஸ நாளில் ஓர் உயிரைப் போக்குவதா என்று மனம் பின்வாங்கிற்று. த்வாதசி பாரணை ஆன பின் செய்யலாம் என்று புட்டியைப் பஞ்சாங்கம் இருக்கும் அலமாரியில் வைத்தோம்.

ஏகாதசி இரவு அது அடியிலிருந்து மேலே வந்து, தலைகீழாகப் புரண்டு, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பிள்ளை உறங்கிவிட்டான். நாம் விழித்திருந்தோம், ஏகாதசிக்கு விழித்திருப்பது விதியும் ஆயிற்று. விடியுமுன் அசைவு நின்றது.

‘பாபம் உங்கள் கையில் படாதபடி எம்பெருமானே பார்த்துக்கொண்டான்’ என்று நண்பர் ஆறுதல் சொன்னார். நம்மால் அதை ஏற்க முடியவில்லை. நாம் காத்தது நம் ஏகாதசியை. அதன் செலவு முழுவதும் மீனின் கணக்கில் எழுதப்பட்டது; அந்த இரவை நாம் எந்தப் பக்கத்தில் எழுதினாலும் கணக்கு நேராகவில்லை.

நந்தியாவட்டைச் செடியடியில் அதைப் புதைத்தபோது, அதற்கு மோக்ஷம் உண்டா என்று பிள்ளை கேட்டான். அயோத்தியில் இருந்த புல்லையும் எறும்பையும்கூடச் சக்கரவர்த்தித் திருமகன் நற்கதிக்கு உயர்த்தினான் என்று நம்மாழ்வார் பாடியிருப்பதைச் சொன்னோம். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

மற்றொரு மீன் தொட்டியில் நலமாக இருக்கிறது. அதற்கும் இந்நோய் கண்டு, அந்த மூன்றும் உறுதியானால், திதி பார்க்காமல் அன்றே செய்வதென்று அகத்தில் பேசி வைத்திருக்கிறோம். தைலப் புட்டி இன்னும் திறக்கப்படவில்லை.