மென்பொருள் மாற்றமும் அநித்தியமும்

மென்பொருள் கருவிகள் ஓயாமல் மாறுவதால் வரும் சலிப்பு, மெய்யியலின் பழைய கேள்வி ஒன்றைக் கிளறுகிறது: துன்பத்துக்குக் காரணம் மாறும் பொருளா, அதைப் பற்றிக்கொண்ட மனமா? பௌத்தம் மனத்தின் பற்றையே சுட்டும். இனியது மாறிப்போவதால் வரும் வருத்தத்தை அது விபரிணாம துக்கம் என்று தனியே வகைப்படுத்துகிறது.

இதைச் சோதிக்கப் பைத்தான் நிரல்மொழி நல்ல களம். 2008 டிசம்பரில் வந்த அதன் 3ஆம் பதிப்பில் பழைய நிரல்கள் பல அப்படியே ஓடவில்லை. 5ஐ 2ஆல் வகுத்தால் முன்பு 2 வந்தது, பிறகு 2.5 வந்தது. 2015இல் முடிய வேண்டிய பழைய பதிப்பின் ஆயுள், பலர் இடம்பெயராததால் 2020 ஜனவரி 1 வரை நீண்டது. மாற்றத்தில் நியாயமும் இருந்தது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பழைய பதிப்பு யுடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணி 15 என்னும். புதியது யூனிகோடு குறிகளை எண்ணி 5 என்னும். (பள்ளிப் பிள்ளை 3 என்றுதான் சொல்லும், அது வேறு வழக்கு.)

ஆயினும் எதுவும் நிலையாது என்னும் அநித்தியத்தை இங்கே சமாதானமாகச் சொல்வது பொருந்தாது. இலை உதிர யாரும் தீர்மானிப்பதில்லை. பதிப்பை மாற்றத் தீர்மானித்தவர்கள் உண்டு. கைப்பழக்கத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். பற்றை விடச் சொல்வது அவர்களுக்கு ஆறுதலாகலாம், தீர்மானித்தவர்களின் பொறுப்பை நீக்காது. எண்ணமே வினை என்பதும் பௌத்தத்தின் போதனைதானே.

இந்தச் சிக்கலுக்குச் சமணம் இன்னும் நெருங்கி வருகிறது. தோற்றம், அழிவு, நிலைப்பு மூன்றும் சேர்ந்ததே உள்பொருள் என்கிறது உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம். கணந்தோறும் யாவும் அழியும் என்ற பௌத்தக் கொள்கையைத் தமிழில் சமணக் காப்பியமான நீலகேசி மறுக்கிறது. நிலைப்பது எதுவும் இல்லையெனில் வினை செய்தவர் ஒருவர், பயன் துய்ப்பவர் வேறொருவர் ஆவார் என்பது அந்த மறுப்பின் அடிப்படை. கற்ற திறனுக்கும் இது பொருந்தும்: கருவியில் ஏதோ ஒன்று நிலைத்தால்தான் நேற்றுக் கற்றது இன்று உதவும்.

எதை நிலைக்கவிடுவது என்பதும் ஒரு தீர்மானமே. டொனால்டு கனூத் தம் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளில் இனிப் பிழைதிருத்தம் மட்டுமே என்று 1990இல் அறிவித்தார். பதிப்பு எண் பை மதிப்பை நோக்கி நகர்கிறது. 2021இல் அது 3.141592653 ஆனது. புதுமை தடைபடவில்லை. யூனிகோடு ஏற்கும் ஸீடெக் 2004இல் தனிப்பெயரோடு வந்தது. பழைய கோப்புகள் டெக்கில் முன்போலவே ஓடுகின்றன.