விலைக்கு வாங்கும் உறுதி

நாளை நிகழவிருப்பதை மனிதன் அறியான். அறியாத நாளையோடு வாழ்வதற்கு அவன் கண்ட வழிகளோ பல. விளைச்சலில் ஒரு பகுதியைக் களஞ்சியத்திற் சேர்த்தான், அயலாரோடு கூடிச் சீட்டுப் பிடித்தான், இறைவனை இறைஞ்சினான். இக்கால வணிகம் இவற்றோடு மற்றொன்றையும் சேர்த்துள்ளது. ஒரு பொருளை விற்கும்போதே, அது பிற்காலத்திற் பழுதுபடுமாயின் திருத்தித் தருவோம் என்னும் வாக்கையும் தனி விலைக்கு விற்பதே அது. ‘நீடித்த உத்தரவாதம்’ என வழங்கும் இவ்வாக்கு, மின்சாரக் கார் வாங்க முற்படுவோர் முன் இன்று வைக்கப்படுகின்றது. அதனை வாங்குவதா, விடுவதா என்பது மேலோட்டமாக நோக்குவார்க்கு வெறுங் கணக்கே. ஆழ்ந்து நோக்கின், அச்சம், நம்பிக்கை, நேர்மை ஆகியன பற்றிய அறவினா ஒன்று அதனுட் பொதிந்திருத்தல் புலனாகும்.

இலங்கையில் இவ்வினா எழுந்த சூழல் மனங்கொள்ளத்தக்கது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். அவ்வரிசையில் நின்றவர்க்குப் பெற்றோல் வேண்டாத வாகனம் கவர்ச்சியாகத் தோன்றுதல் இயல்பே. சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ வாழும் ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல்லாண்டுச் சேமிப்பைக் கொண்டு அவர் மின்சாரக் கார் ஒன்றை வாங்க எண்ணுகின்றார். மேலும் ஒரு தொகை செலுத்தினால் உத்தரவாதம் சில ஆண்டுகள் நீடிக்கும் என விற்பனையாளர் கூறுகின்றார். அத்தொகையோ மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கென ஒதுக்கியது. அவர் செய்யத்தக்கது யாது?

முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். மின்சாரக் காரில் அசையும் உறுப்புகள் குறைவு. எஞ்சின் எண்ணெய் மாற்றுதல் போன்ற செலவுகள் அதற்கில்லை. ஆயின் அதன் பெறுமதியின் பெரும்பகுதி பற்றரி ஒன்றிலேயே குவிந்துள்ளது. லிதியம் அயன் பற்றரி வெப்பத்தில் விரைந்து முதுமையடையும். 2010இல் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் காரின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் அதன் கொள்ளளவு விரைவிற் குறைந்ததாக 2012இல் முறைப்பாடுகள் எழுந்தன. அதன் பின்னரே, பன்னிரண்டு கோடுகளுள் ஒன்பதிலும் கீழே குறையுமாயின் ஐந்தாண்டு அல்லது 60,000 மைல் வரை ஈடுசெய்யும் உத்தரவாதத்தை அந்நிறுவனம் அங்கு வழங்கியது. இன்று எட்டாண்டு அல்லது 1,60,000 கிலோமீற்றர் வரை பற்றரிக்கு உறுதியளிக்கும் நிறுவனங்கள் பல. வெப்பமும் உப்புக் காற்றும் ஒருங்கே அமைந்த கல்முனைக் கரையில் ஆசிரியரின் அச்சம் காரணமற்றதன்று.

உத்தரவாதத்தை ஆதரிப்போர் கூறும் நியாயம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. முன்னெச்சரிக்கை அறிவுடையோர் பண்பு என்பர் அவர். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு போதிக்கும் நபிமொழியை இப்பகுதியில் அறியாதார் அரியர். மன அமைதியும் ஒரு பேறே. அதற்கு விலை கொடுத்தலிற் குற்றமென்ன என்பது அவர் வினா.

ஆயின், ஒட்டகத்தைக் கட்டுதல் வேறு. அது தொலையும் என அஞ்சிப் பிறனுக்குப் பணம் கொடுத்தல் வேறு. பற்றரியை அளவறிந்து மின்னேற்றுதல், வாகனத்தை நிழலில் நிறுத்துதல் முதலியனவே கட்டுதலை ஒக்கும். நீடித்த உத்தரவாதம் பழுதைத் தடுப்பதில்லை. பழுதின் செலவை இடம் மாற்றுவதே அதன் தொழில். அதனை விற்போர், எதிர்பார்க்கும் திருத்தச் செலவுக்கு மேல் தம் நிருவாகச் செலவையும் இலாபத்தையும் சேர்த்தே விலை குறிப்பர். எனவே வாங்குவோர் அனைவரையும் ஒருங்கு நோக்கின், அவர் பெறுவது கொடுப்பதிலுங் குறைவாகவே இருக்கும். போவதையும் வருவதையும் எஞ்சும் ஊதியத்தையும் எண்ணிப் பார்த்தே வினை தொடங்குக என்பதற்குத் ‘தெரிந்துசெயல்வகை’ என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அவ்வழி எண்ணுவார்க்கு இது முதலிற் படவேண்டிய உண்மையாகும்.

இதனினும் ஆழமானது விற்பனையாளரின் நேர்மை பற்றிய வினா. ‘இக்கார் உறுதியானது’ எனப் புகழ்ந்த நாவே, விலை பேசி முடிந்ததும், ‘பழுதுபட்டால் என்செய்வீர்?’ என அச்சமூட்டுகின்றது. முதற்கூற்று மெய்யாயின் இரண்டாவது வேண்டுவதில்லை. இரண்டாவது மெய்யாயின் முதற்கூற்று மிகை. பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கலொவ் 1970இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பழைய கார்ச் சந்தையை உதாரணங்காட்டி, விற்பவன் அறிந்ததை வாங்குபவன் அறியாதபோது சந்தையே சீர்கெடும் என விளக்கினார். அவ்வறியாமையை நீக்கும் கருவிகளுள் ஒன்றாக அவர் உத்தரவாதத்தைக் குறித்தார். தன் பொருளில் நம்பிக்கையுள்ளவன் தானே பொறுப்பேற்பான் என்பது அதன் கருத்து. அப்பொறுப்பையே தனிச்சரக்காக்கி விற்கும்போது, நம்பிக்கையின் அடையாளமாக நின்றது அச்சத்தின் வணிகமாக மாறிவிடுகின்றது.

கல்முனை முஸ்லிம் மக்களுக்கு இவ்விடத்து மற்றுமொரு சிந்தனையும் உண்டு. விளைவு அறியப்படாத ஒப்பந்தத்தை இஸ்லாமியச் சட்டவியல் ‘கறர்’ என விலக்குகின்றது. கடலில் நீந்தும் மீனைப் பிடிக்குமுன் விற்றல் அதற்குச் சட்டநூல்கள் காட்டும் உதாரணம். மீன்பிடித்துறைகள் நிறைந்த கரையில் இதற்கு உரை வேண்டுவதில்லை. 1985இல் ஜித்தாவிற் கூடிய சர்வதேச இஸ்லாமியச் சட்டவியல் அக்கடமி, நிலையான கட்டணம் பெறும் வணிகக் காப்புறுதியில் இத்தகைய பெரும் நிச்சயமின்மை உண்டெனக் கூறி அதனை விலக்கியது. கூட்டுறவுக் காப்புறுதியை ஏற்றது. விலைக்குள் அடங்கிய உத்தரவாதத்தை விற்பனையின் நிபந்தனையாக ஏற்கும் அறிஞர்களும், தனியே விலைக்கு விற்கப்படுவதைக் காப்புறுதியோடு ஒப்பவைத்து ஐயுறுவதுண்டு. இவ்வேறுபாடு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. முன்னது செய்தவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்றல். பின்னது பிறன் அச்சத்தை வைத்து நடத்தும் பந்தயம். இவ்வுண்மை எவருக்கும் பொது.

அவ்வாறாயின் இடரைத் தனித்தே சுமத்தல் வேண்டுமா? வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டக் கரையிற் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை ஆழிப்பேரலை கொண்டுசென்றது. வீடிழந்தோரைப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் உறவினர் இல்லங்களுமே முதலில் ஏற்றன. ஒருவன் தனித்துத் தாங்கமுடியாத இழப்பைப் பலர் கூடித் தாங்குதல் மனித அறத்தின் அடிப்படை. 1999இல் இலங்கையிற் செயற்படத் தொடங்கிய அமானா தக்காஃபுல், இக்கூட்டுப் பொறுப்பையே வணிக அமைப்பாக்க முயன்றது. ஆயின் இழப்புகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. வாழ்வையே குலைப்பனவும் உள. வருத்தத்தோடு தாங்கக்கூடியனவும் உள. பின்னவற்றுக்கெல்லாம் காப்புத் தேடி அலையும் மனம் அமைதி பெறுவதில்லை. அஞ்சுதற்குப் புதிய பொருள்களையே தேடிக்கொண்டிருக்கும்.

மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைத்தலே சிறந்தது எனக் கூறலாம். ஒதுக்கிய பணம் ஒரு கலியாணத்திலோ ஒரு நோயிலோ கரைந்துவிடும் என்னும் மறுப்பும் உடனே எழும். அம்மறுப்பு நியாயமானது. அதற்கு விடை ஊரிலேயே உண்டு. தனி உறுதி தளருமிடத்துச் சீட்டின் கட்டுப்பாடு நிற்கும். மின்சாரக் கார் வைத்திருப்போர் இருபதுபேர் கூடி ஒரு பொதுநிதி அமைக்கலாம். எனினும் அதற்கும் எல்லை உண்டு. ஒரே வெயிலில் எல்லாப் பற்றரிகளும் ஒருங்கே முதுமையடையுமாதலால், மெல்லத் தேய்தலை அந்நிதி தாங்காது. எவரோ ஒருவர்க்குத் திடீரென நேரும் பழுதையே தாங்கும்.

வாக்கின் வலிமை வாக்களித்தவனின் வலிமையே என்பதும் மறத்தற்பாலதன்று. 2022இல் ஓராண்டுக்குள் டொலரின் விலை இருநூறு ரூபாவளவிலிருந்து முந்நூற்றறுபதளவுக்கு உயர்ந்தது. அந்நியச் செலாவணி இன்றி இறக்குமதிகள் முடங்கின. அத்தகைய காலத்தில், உதிரிப்பாகம் தருவோம் என்னும் கடதாசி உறுதி என்ன பயன் தரும்? திருத்தகம் கொழும்பிலிருக்குமாயின், ஓடாத காரைக் கல்முனையிலிருந்து அங்கு கொண்டுசெல்லும் செலவு யாருடையது? வெள்ளச் சேதமும் இயல்பான தேய்வும் விலக்கப்பட்டுள்ளனவா? கையொப்பத்துக்கு முன் இவற்றைக் கேட்டறிதல் வாங்குவோன் கடமை. மறையாது உரைத்தல் விற்போன் கடமை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டமும், தவறாக வழிநடத்தும் கூற்றுகளைத் தடைசெய்யும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் அக்கடமையை நினைவூட்டுகின்றன.

இவற்றை ஒருங்கே நோக்கின் ஒரு முடிவு பெறப்படும். உற்பத்தியாளர் விலையோடு தரும் உத்தரவாதம் உரிமை. அதனை முழுமையாகக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அது நீண்டதாக உள்ள வாகனத்தைச் சற்றுக் கூடிய விலை கொடுத்தேனும் தெரிதல் அறிவுடைமை. தனியே விற்கப்படும் நீடிப்போ, இழப்பைத் தாங்கக்கூடியவர்க்கு வேண்டாதது. வாகனமே பிழைப்பாகவுள்ள வாடகைக் கார் ஓட்டுநருக்கு இடர் வேறு. அவருக்குக் கூட்டுப் பாதுகாப்பு அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆசிரியரின் நிலை அதுவன்று. கார் நின்றுபோயின் அவர் பஸ்ஸிலே பாடசாலைக்குச் செல்லலாம். மகளின் படிப்பு நின்றுபோயின் அதற்கு ஈடு தரும் உத்தரவாதம் எவரும் விற்பதில்லை.

எதிர்காலத்தை எவரும் விலைக்கு வாங்கியதில்லை. எதற்கு அஞ்சுவது, எதனைத் தாங்குவது, யாரோடு கூடித் தாங்குவது எனத் தெரிந்துகொள்ளுதலே மனிதனுக்கு இயலும் காப்பு.