உளிக்கு முன்பே வந்த உருவம்

திருக்கோவிலூர் உலகளந்த பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள் ஓங்கிய திருவடியைப் பார்த்து மலைத்துப்போய்க் கைகளைக் கவனிக்காமல் வந்துவிடுவதுண்டு. மற்றக் கோயில்களில் வழக்கமாக வலக்கையில் இருக்கும் சக்கரம் இங்கே இடக்கையில் இருக்கிறது. சங்கு வலக்கைக்கு வந்திருக்கிறது. மூலவர் திருமேனி மரத்தாலானது என்பது கோயில் மரபு. பக்தருக்கு இந்தக் கைமாற்றம் பெருமாளின் திருவுள்ளம், அதோடு விஷயம் முடிந்தது. சிற்பியின் பக்கம் நின்று கேட்டால்தான் சிக்கல். இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டவனுக்கு ஒரு புதிய உருவம் எங்கிருந்து கிடைக்கிறது?

கேள்விக்குப் பொருத்தமான ஊர்தான். திருக்கோவிலூரை உள்ளடக்கி 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம் மரச்சிற்பத்துக்குப் பேர்போனது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிள்ளையார், கண்ணன், தசாவதாரம் என்று இந்தப் பட்டறைகளில் உருவாகும் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம். தாலத்துக்கு 12 அங்குலம். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம், அதாவது பத்துத் தாலத்தோடு நான்கு அங்குலம் சேர்த்து 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாலம், 120. இந்த அங்குலத்தை டேப்பில் தேடக் கூடாது. சிலையின் உயரத்தையே 124 கூறாக வகுத்தால் வரும் ஒரு கூறுதான் அங்குலம். ஆகவே சாண் உயரப் பெருமாளுக்கும் ஆளுயரப் பெருமாளுக்கும் விகிதம் ஒன்றே. கணினி வரைகலைக்காரர்கள் வெக்டர் படம் என்று சொல்வதன் குணம், எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசகாத அந்தக் குணம், தாலக் கணக்கில் எப்போதோ வந்துவிட்டது.

எல்லாமே அளவு என்றால் அகத்தூண்டுதலுக்கு என்ன வேலை? 1877-ல் கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி வாழ்நாளெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கைவேலையின் மேல் அவருக்கிருந்த பற்று ஏட்டளவில் நின்றதல்ல. இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908-ல் அவர் வெளியிட்ட நூல், ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் தம் அழகு நூல்களை அச்சிட்ட அதே கை அச்சு எந்திரத்தில் அச்சானது. இந்தியச் சிற்பி எதிரே ஓர் ஆளை நிறுத்திவைத்துப் பார்த்துச் செய்வதில்லை என்றார் அவர். தெய்வத்தின் உருவத்தை வருணிக்கும் தியான சுலோகத்தைச் சொல்லி, மனத்தில் உருவம் முழுதாகத் தெளிந்த பிறகே உளியை எடுக்கிறான். அளவு என்பது அப்படிக் கண்டதைச் சிதறாமல் கீழே இறக்கும் வழி. எல்லா ஆசாரியும் தினமும் இப்படித் தியானித்தார்களா என்று கேட்டால் குமாரசுவாமி சற்று மிகைப்படுத்தினார் என்றே தோன்றும். ஆனாலும் அவர் காட்டிய வரிசை, அதாவது முதலில் காண்பது, பிறகு அளப்பது, சரியான வரிசைதான்.

மரத்துக்கும் இதில் பங்குண்டு. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் சிலைக்கு மரம் தேடிக் காட்டுக்குள் போவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். மரத்தில் வசிக்கும் ஆவிகளுக்குப் படையலிட்டு, வேறிடம் போகும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். வெட்டும் முன் திசைகளையும் மேல் கீழையும் மரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மரம் நின்ற திசையிலேயே சிலையும் நிற்க வேண்டுமாம். மரக்கடையில் கன அடிக் கணக்கில் வாங்கிய தேக்குப் பலகைக்குக் கிழக்கு எது? அந்த விதியைக் கறாராகப் பிடித்தால் இன்று கையால் செதுக்கிய சிலைகளிலேயே முக்கால்வாசி தேறாது.

காண்பதும் மாறிவிட்டது. கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டைய ராஜு 1976-ல் மறைந்தார். அவரும் அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வங்கள் சிவகாசிக் காலண்டர்களில் ஏறி வீட்டுக்கு வீடு தொங்கின. முருகன் என்றதும் தமிழர் மனத்தில் எழும் முகத்தில் பாதி அந்த அச்சில் வந்ததுதான். இந்த முகம்தான் வேண்டும் என்று காலண்டரை நீட்டுகிறவரிடம் தியான சுலோகத்தைச் சொல்லிப் பயனில்லை.

இந்த நிலையில்தான் சிஎன்சி எந்திரம் வந்தது. கணினியில் வனைந்த புடைப்புருவத்தைக் கோப்பாகக் கொடுத்தால், சுழலும் முனை பலகையைக் குடைந்து அதே உருவத்தை எடுத்துத் தருகிறது. சாம்பல் நிறப் படத்தைக்கூட அது படிக்கும்: வெளுத்த இடம் மேடு, கறுத்த இடம் பள்ளம். அளவில் மயிரிழை பிசகாது. தால சாத்திரத்துக்கு இதைவிடக் கீழ்ப்படிந்த சீடன் கிடைக்கமாட்டான். எந்திரம் செய்த சாமி சாமியாகுமா என்ற முணுமுணுப்பு இயல்பானதே. ஆனால் கைக்கும் எந்திரத்துக்கும் நடுவே கோடு போடுவது தவறு. தாலமும் தியானமும் அறிந்த ஒருவர் திரைமுன் உட்கார்ந்து உருவத்தை வனைந்தால் அவரை ஸ்தபதி என்று சொல்ல என்ன தயக்கம்? காலண்டரைப் பார்த்துக் கையால் பிரதி எடுப்பவரும் கோப்பை விலைக்கு வாங்கி ஓடவிடுபவரும் ஒரே தொழிலைத்தான் செய்கிறார்கள்.

வடிவத்தின் நேர்த்திதான் தெய்வம் என்று மரபு ஒருபோதும் சொன்னதில்லை. பூரி ஜகந்நாதருக்குக் கைகால்கள் முழுமையாக இல்லை. விசுவகர்மா வேலையைப் பாதியில் விட்டுப்போனார் என்று கதை சொல்லி, 2015-ல் புது வேம்பில் செய்தபோதும் அந்தக் குறையைக் குறையாமல் காப்பாற்றினார்கள். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையேறிய மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லிக் கரிராமனைக் கும்பிடுகிறார்கள். மலையூர்களில் மரத்தடியில் நட்ட கல்லும் சூலமும்கூடத் தெய்வம். அங்கே வடிவமைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒன்று மட்டும் எந்திரத்திடம் இல்லை. பலகையின் நடுவே கணு வந்தால் ஆசாரியின் கொட்டாப்புளி நிற்கும். மரத்தின் ரேகையைப் பார்த்து, உத்தரீயத்தின் மடிப்பை ஒரு விரல் நகர்த்தி, கணுவை அதற்குள் ஒளித்துவிடுவார். மரத்தோடு நடத்தும் அந்தப் பேரத்தில் சில நேரம் இலக்கணம் சொல்லாத ஒரு புதிய மடிப்பு பிறக்கிறது. எந்திரத்தின் முனை கணுவென்றும் பாராமல் அதன் குறுக்கே ஓடிவிடும். தெறித்த இடத்தை மெழுகிட்டு மறைத்து விற்பார்கள்.