ஊர்தியும் உள்ளமும்

சாலையில் ஓர் உயிர் போய்விட்டால் "விபத்து" என்னும் ஒரு சொல்லால் அதனை மூடிவிடுகிறோம். பழியை விதியின்மேல் சுமத்தி ஆறுதலும் அடைகிறோம். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் மாண்டவர்கள். மொத்த உயிரிழப்பில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்குக்கு மிகுவேகமே காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. வேகத்தைக் கூட்டுவது கையும் காலும்; அவற்றை ஏவுவதோ மனம். கொதிக்கும் மனத்தோடு ஊர்தியைச் செலுத்தி உயிருக்கு ஊறு செய்தவர், "வேண்டுமென்று செய்யவில்லை" என்று கூறித் தப்ப இயலுமா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

நாட்டின் சட்டம் அவ்வாறு தப்பவிடுவதில்லை. 1860 ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்து 304-அ பிரிவு, கொல்லும் எண்ணம் இல்லாவிடினும், முரட்டுத் துணிச்சலாலோ கவனக்குறைவாலோ விளைந்த மரணத்தைக் குற்றமாகவே கொண்டது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவும் அவ்வாறே கொள்கிறது. நம் அறநூல்களோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், உயிர்ப்பறிப்பை மட்டும் கூறாது, அதற்கு வித்தாகிய பிரமாதத்தையும் சேர்த்தே கூறினார். அமிர்தசந்திர ஆசாரியரோ, விழிப்போடு நடப்பவர் காலடியில் ஓர் உயிர் தற்செயலாய் மடிந்தாலும் அங்கு ஹிம்சை இல்லை என்றும், கஷாய வயப்பட்டு நடப்பவருக்கு எவ்வுயிர் மடியாவிடினும் ஹிம்சை உண்டு என்றும் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்குகிறார். இதன் பொருள் என்ன? சினத்தோடு பறந்து வந்து, யார்மீதும் மோதாமல் வீடு சேர்ந்தவரும் குற்றமற்றவர் அல்லர். எதிரே வந்தவர் பிழைத்தது அவரவர் நல்வினை. ஓட்டியவருடைய அறம் அன்று.

குரோதம், மானம், மாயை, லோபம் ஆகிய நான்கு கஷாயங்களையும் ஒரே இடத்தில் காண வேண்டுமானால், ஆரணியிலோ திண்டிவனத்திலோ ஒரு நாற்சந்தியில் அரைமணி நேரம் நின்றால் போதும். குறுக்கே வந்தவரை ஏசிக்கொண்டே விரட்டுவது குரோதம். "என்னையா முந்துகிறாய்?" என்று வேகத்தைக் கூட்டுவது மானம். காவலர் நிற்கும் இடத்தில் மட்டும் தலைக்கவசம் அணிந்து, அப்பால் கழற்றி மாட்டிக்கொள்வது மாயை. சில நிமிடங்களை மிச்சம் பிடிக்க எதிர்த்திசையில் புகுவது லோபம்.

இவை அறிவை எவ்வாறு மறைக்கின்றன? சினம் கொண்டவருக்குப் பிறர் செய்யும் சிறு பிழையும் தம்மை அவமதித்ததாகத் தோன்றும். ஆபத்து சிறிதாகத் தெரியும். கவலை கொண்டவரோ கண் திறந்திருந்தும் காணார். மாணவனின் மனம் வேறெங்கோ இருந்தால், கண் கரும்பலகையில் இருந்தும் பயனில்லை என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. சாலைக்கும் அது பொருந்தும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. வீட்டில் நடந்த வாக்குவாதத்தை இரண்டு நொடி நினைத்தால், 33 மீட்டர் தூரம் குருடராய்ச் சென்றவர் ஆகிறோம். ஈரியா சமிதி காக்கும் முனிவர்கள் நான்கு முழ நிலத்தைப் பார்த்து அடிவைப்பார்கள். ஊர்தியில் செல்லும் இல்லறத்தார் எத்தனை மடங்கு தூரம் பார்க்க வேண்டும்!

தீய உணர்ச்சிகள் மட்டுமே இத்தீங்கைச் செய்கின்றன என்று எண்ணிவிடலாகாது. நல்லெண்ணமும் பிரமாதம் ஆகலாம். நம் இல்லங்களில் இது அடிக்கடி நிகழ்வது. மாலை நேரம், குடும்பத்தோடு காரில் வருகிறோம், இரவுண்ணாமை விரதம் காக்க வேண்டும். "பொழுது சாயுமுன் வீடு போய்ச் சேர வேண்டும், சீக்கிரம் ஓட்டு" என்று பெரியவர்கள் பின்னிருக்கையிலிருந்து துரிதப்படுத்துகிறார்கள். எஞ்சிய தூரம் 20 கிலோமீட்டர் என்று கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 15 நிமிடம். மிச்சம் ஐந்தே நிமிடம். மோதும் ஆற்றலோ ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிவிடுகிறது. இரவுண்ணாமை எதற்காக ஏற்பட்டது? கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்களும் மடியலாகாது என்பதற்காக. அவ்விரதத்தைக் காக்கும் பதற்றத்தில், ஆட்டை ஓட்டிக்கொண்டு சாலையைக் கடக்கும் சிறுவனை மறந்தால், தோலைக் காத்துக் கனியை எறிந்தவர் ஆவோம்.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகைப்படும். ஓட்டுபவர் செய்கிறார். துரிதப்படுத்துபவர் செய்விக்கிறார். "எங்கள் பிள்ளை ஒரே மணியில் வந்துவிட்டான்" என்று பெருமை பேசுபவர் உடன்படுகிறார். ஆகவே சாலை அறம் ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. வாகனம் ஓட்டவே அறியாத நம் போன்ற முதியோருக்கும் உரியது.

நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. மாலைப் பயணமானால் கட்டுச்சோறும் வடிகட்டிய நீரும் எடுத்துச் செல்வோம். பொழுது இருக்கும்போதே நிழலில் வண்டியை நிறுத்தி உண்டுவிட்டு, பின் நிதானமாக வருவோம். வாயிற்படியில் நின்று கடன், வரவு, மனத்தாங்கல் பேசி யாரையும் வழியனுப்பாதிருப்போம். அவர்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் வேளையில் தொலைபேசியில் அழையாதிருப்போம். புறப்படுமுன் கண்களை மூடி ஒன்பது முறை பஞ்ச நமஸ்காரம் சொல்லச் சொல்வோம். அதற்கு இருபத்தேழு மூச்சு. இரண்டு நிமிடமும் ஆகாது. அதன் பின்னும் மனம் கொதித்தால், அன்று சாவியை வேறொருவரிடம் கொடுப்பதே நோன்பு. பொறுமையை ஆலயத்தில் போற்றுவது எளிது. முந்த வருபவருக்கு வழிவிட்டு ஒதுங்குகையில்தான் அது நம்முடையது ஆகிறது.