விரும்புவதும் காண்பதும்

நம் கட்டுப்பாட்டில் சிறிதும் இல்லாத ஒன்றை நாம் விரும்பலாமா? விரும்பினால், அந்த விருப்பம் நம்மை என்ன செய்கிறது? தேர்வு முடிவை எதிர்நோக்கும் மாணவன், மருத்துவப் பரிசோதனையின் அறிக்கைக்காகக் காத்திருக்கும் குடும்பத்தினர், மேகத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் உழவர் ஆகிய அனைவரிடமும் இந்தக் கேள்வி மறைந்திருக்கிறது. ஆனால் அவர்களது விருப்பத்தில் பிழைப்பும் அச்சமும் கலந்துள்ளன. ஆகவே விருப்பம் மட்டும் மனத்தில் செய்யும் வேலையைத் தனியே பிரித்துக் காண்பது கடினம். அதைத் தெளிவாகக் காண உதவும் ஓர் எடுத்துக்காட்டு பிரிட்டனில் கிடைக்கிறது.

அந்நாட்டில் நவம்பர் பிறந்ததும் வானிலை ஆர்வலர் பலர் தவம் போன்ற ஒரு காத்திருப்பைத் தொடங்குகின்றனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு வானிலைத் துறை தொழில் அன்று. பகலில் வேறு பணி செய்து, இரவில் உலக வானிலை மையங்களின் கணினி மாதிரிகள் தரும் வரைபடங்களைப் படிப்பவர்கள் அவர்கள். அமெரிக்காவின் உலகளாவிய மாதிரி நாள்தோறும் நான்கு முறை, 16 நாள்கள் வரைக்குமான கணிப்பைத் தருகிறது. ஐரோப்பிய மையத்தின் கணிப்பும் குறித்த வேளைகளில் வெளிவருகிறது. அந்த வேளைகள் அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் தேடுவது ஒன்றே ஒன்று: கடுங்குளிரும் வெண்பனிப் பொழிவும் வருமா?

வெண்பனி பெய்வதால் அவர்களுக்கு வருமானம் எதுவும் இல்லை. உலகம் வெண்மை போர்த்துக் கிடக்கும் ஒரு காலைப் பொழுதின் அமைதியைக் காண வேண்டும் என்ற ஆசை மட்டுமே இருக்கிறது. களங்கமற்றதாகத் தோன்றும் இந்தச் சிறிய ஆசையிலும் மனம் தன் வழக்கமான வேலைகளைச் செய்யாமல் விடுவதில்லை.

எளிதில் கிட்டாத பொருள்

லண்டன் நகரம் வட அட்சரேகை 51.5 பாகையில் உள்ளது. அதே அளவு வடக்கே இருக்கும் கனடாவின் உள்நாட்டு நகரங்களிலும் சைபீரியாவிலும் குளிர்காலம் முழுவதும் வெண்பனி சாதாரணம். பிரிட்டனிலோ அட்லாண்டிக் பெருங்கடலின் மீது வீசிவரும் மேற்குக் காற்று, கடலின் வெதுவெதுப்பைச் சுமந்து வந்து, பெரும்பாலும் மழையையே தருகிறது. அந்த மேற்குக் காற்றைத் தடுக்கும் வகையில் ஓர் உயர் காற்றழுத்தப் பகுதி தக்க இடத்தில் அமைய வேண்டும். அப்போதுதான் ரஷ்ய நிலப்பரப்பிலிருந்தோ வடதுருவத்திலிருந்தோ கடுங்குளிர்க் காற்று அந்தத் தீவை அடையும். அந்த அழுத்தப் பகுதி சில நூறு கிலோமீட்டர் விலகி அமைந்தாலும் எல்லாம் மாறிவிடும். ஓரிரு டிகிரி வேறுபாட்டில் வெண்பனி வெறும் மழையாகிவிடும்.

ஐஸ்லாந்துக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையே காற்றழுத்த வேறுபாடு கூடுவதும் குறைவதுமே அந்த மேற்குக் காற்றின் வலிமையைத் தீர்மானிக்கிறது. இதற்கு ‘வட அட்லாண்டிக் அலைவு’ என்று 1920களில் பெயரிட்டவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த அவர், நம் நாட்டில் பருவமழை ஏன் பொய்க்கிறது என்பதை ஆராய்ந்தவர். நம் உழவரின் கவலைக்கு விடை தேடிய ஆராய்ச்சி, பிரிட்டனின் குளிர்காலத்துக்கும் ஒரு திறவுகோலைக் கொடுத்தது. வானம் எங்கும் ஒன்றே. அதை எதிர்நோக்கும் மனமும் எங்கும் ஒன்றே.

மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவு 1659 முதல் தொடர்ந்து இருக்கிறது. அதில் 1963 ஜனவரியின் சராசரி மைனஸ் 2.1 டிகிரி செல்சியஸ். 2010 டிசம்பரின் சராசரி மைனஸ் 0.7. ஆர்வலர்கள் இத்தகைய மாதங்களைத் திருநாள்களைப் போல நினைவில் வைத்திருக்கிறார்கள். புவி வெப்பமடைந்து வருவதால் அவை மேலும் அரிதாகின்றன. அரியதாக ஆக, ஏக்கமும் வளர்கிறது.

ஒரே அறிகுறி, இரு விளைவுகள்

வடதுருவத்துக்கு மேலே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலம் முழுவதும் வலிய மேற்குக் காற்று சுழன்றுகொண்டிருக்கும். சில ஆண்டுகளில் அந்த உயரத்து வெப்பநிலை திடீரென ஏறி, காற்றின் திசையே தலைகீழாக மாறிவிடும். மேலே நேரும் வெப்பம், சில வாரங்களில் கீழே ஐரோப்பாவில் கடுங்குளிருக்கு வழிவகுப்பது உண்டு. ஆகவே இந்த அறிகுறி தென்பட்டதும் ஆர்வலர்களின் நெஞ்சம் துள்ளும்.

2018 பிப்ரவரி 12 அளவில் அப்படி ஒரு திருப்பம் நேர்ந்தது. அம்மாத இறுதியில் கிழக்கிலிருந்து உறைகுளிர்க் காற்று பிரிட்டனுக்குள் பாய்ந்தது. பிப்ரவரி 28 அன்று ஸ்காட்லாந்துக்கும், மறுநாள் தென்மேற்கு இங்கிலாந்துக்கும் தெற்கு வேல்ஸுக்கும் வெண்பனிப் பொழிவுக்கான சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. காத்திருந்தவர்களின் ஆசை நிறைவேறியது.

2019 ஜனவரித் தொடக்கத்தில் அதே அறிகுறி மீண்டும் தோன்றியது. சென்ற ஆண்டின் சுவை நாவில் இருந்தது, எதிர்பார்ப்பு ஓங்கியது. ஜனவரி இறுதியில் சில பகுதிகளில் ஓரளவு வெண்பனி பெய்தது. ஆனால் பிப்ரவரி 26 அன்று லண்டனின் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. குளிர்கால மாதங்களில் பிரிட்டன் அதுவரை கண்டிராத வெப்பம் அது. அறிகுறி பொய் சொல்லவில்லை. ஒரு வாய்ப்பு கூடியிருக்கிறது என்று மட்டுமே அது சொன்னது. அதை உறுதிமொழியாகக் கேட்டது ஆசை கொண்ட செவி.

ஐம்பத்தொரு கோடுகள்

முன்னறிவிப்புக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கணினியில் எளிய வானிலை மாதிரி ஒன்றை இயக்கினார். முன்பு செய்த கணக்கை இடையிலிருந்து மீண்டும் தொடங்கியபோது, 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்தார். அவ்வளவு சிறிய வேறுபாடு பெருகிப் பெருகி, இரண்டாவது கணக்கை முதல் கணக்குடன் தொடர்பே இல்லாததாக ஆக்கிவிட்டது. இன்றைய காற்றை முற்றிலும் துல்லியமாக அளக்க எவராலும் இயலாது. ஆகவே தொலைநாளைத் துல்லியமாகச் சொல்லவும் இயலாது.

இதை ஏற்றுக்கொண்ட விஞ்ஞானிகள் ஒரு விவேகமான வழியைக் கண்டனர். இங்கிலாந்தின் ரெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம், 1992 முதல் ஒரே நாளுக்குப் பல கணிப்புகளைச் செய்து வருகிறது. இன்று அவை மொத்தம் 51. தொடக்க நிலையில் சிறுசிறு மாற்றங்கள் செய்து 50 முறையும், மாற்றமின்றி ஒரு முறையும் கணக்கிடுகிறார்கள். வரைபடத்தில் அவை 51 கோடுகளாக விரிகின்றன. முதல் சில நாள்கள் ஒன்றாகவே ஓடும் கோடுகள், பின்பு விசிறியைப் போலப் பிரிகின்றன. அவற்றுள் ஐந்து கோடுகள் கடுங்குளிரைக் காட்டினால், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது பொருள்.

இங்கேதான் ஆசை தன் வேலையைக் காட்டுகிறது. குளிரை விரும்புபவரின் கண், அந்த ஐந்து கோடுகளின் மேல் சென்று தங்குகிறது. மற்ற 46 கோடுகள் கண்ணுக்குத் தெரிந்தும் மனத்துக்குத் தெரிவதில்லை. காலைக் கணிப்பு வெண்பனியைக் காட்டினால் அந்த மாதிரி சிறந்தது. மாலைக் கணிப்பு மழையைக் காட்டினால் அதே மாதிரி குறையுடையது. நமது ஆசையால் மேகம் ஓர் அங்குலமும் நகர்வதில்லை. நகர்வது நம் கண்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிலையும் உண்டு. பலமுறை ஏமாந்த ஒருவர், “இந்த நாட்டில் இனி வெண்பனி பெய்யாது, எல்லாம் வீண்” என்று சொல்லத் தொடங்குகிறார். பார்ப்பதற்கு இது பற்றின்மை போலத் தோன்றும். உண்மையில் இதுவும் பற்றின் மற்றொரு முகமே. மீண்டும் ஏமாறும் வலிக்கு அஞ்சிய மனம், நம்பிக்கை கொடுக்கும் சான்றுகளைக் காண மறுக்கிறது. முன்னவர் ஐந்து கோடுகளை மட்டும் கண்டார். இவர் அந்த ஐந்தையும் காண மறுக்கிறார். கசப்பை வைராக்கியம் என்று எண்ணிவிடக் கூடாது. உண்மையான பற்றின்மை 51 கோடுகளையும் சமமாகப் பார்க்கும்.

அப்படியானால் ஆசையே கூடாதா? ஆசை இல்லாவிட்டால் அந்த ஆர்வலர் நள்ளிரவில் கண்விழித்து வரைபடம் படித்திருக்க மாட்டார். காற்றழுத்தம் பற்றியும் மேலடுக்குக் காற்று பற்றியும் கற்றிருக்க மாட்டார். விருப்பம் கண்ணைத் திறக்க வைக்கிறது. அது அதன் நற்பணி. திறந்த கண் எதைக் காண வேண்டும் என்று ஆணையிடத் தொடங்கும்போதுதான் அது எல்லை மீறுகிறது. விருப்பம் சாட்சியாக வந்து நிற்கலாம். நீதிபதியின் இருக்கையில் அமரக் கூடாது.

தவறிய கணக்கை வெளியிட்டவர்

விருப்பத்துக்கு எதிரான சான்றை எவ்வாறு ஏற்பது என்பதற்கு லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் சிறந்த முன்னுதாரணம். கணினிகள் தோன்றுவதற்கு முன்பே, கணிதச் சமன்பாடுகளால் வானிலையை முன்னறிய முடியும் என்று நம்பியவர் அவர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சில் காயமுற்றோரைச் சுமக்கும் ஊர்திப் படையில் தொண்டு புரிந்தார். அந்தப் பணிக்கு இடையே, 1910 மே 20-ஆம் நாளின் வானிலைத் தகவலைக் கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணக்கிட்டார். விடை 145 மில்லிபார் என்று வந்தது. உண்மையில் அன்று காற்றழுத்தம் ஏறத்தாழ மாறவே இல்லை!

வாழ்வின் பெருங்கனவு இப்படிப் பொய்த்தபோது, அதை மறைத்துவிட அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் மறைக்கவில்லை. 1922-இல் வெளிவந்த தம் நூலில், தவறிய அந்தக் கணக்கை முழுவதுமாக எடுத்துவைத்தார். அவரது வழிமுறை அடிப்படையில் சரியானது என்பதும், தொடக்கத் தகவல்களில் இருந்த சமநிலைக் குறைவே பிழையைப் பெருக்கியது என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின. இன்றைய கணினி மாதிரிகள் பலவும் அவர் போட்ட பாதையில் செல்பவை. தோல்வியை உள்ளபடி பதிவு செய்த நேர்மை, அடுத்த தலைமுறைக்கு மூலதனம் ஆயிற்று.

யார் செலுத்தும் விலை?

இனி, எல்லாவற்றினும் கடினமான கேள்விக்கு வருவோம். ஒருவருக்கு அழகாக இருக்கும் வெண்பனி, மற்றொருவருக்குத் துன்பமாகிறது. 2010 டிசம்பரில் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வெண்பனியால் மூடப்பட்டு, பயணிகள் அங்கேயே தங்க நேரிட்டது. அறையைச் சூடாக்க வசதியில்லாத முதியவருக்குக் குளிர் உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில், தொடர்ந்து ஏழு நாள்களுக்குச் சராசரி வெப்பநிலை சுழி டிகிரிக்கோ அதற்குக் கீழோ பதிவானால், அல்லது அவ்வாறு முன்னறிவிக்கப்பட்டால், குறிப்பிட்ட அரசு உதவி பெறுவோருக்கு 25 பவுண்டு வழங்கப்படுகிறது. ஆர்வலர் ஆவலுடன் தேடும் அதே சுழி டிகிரிதான், ஓர் ஏழை முதியவர் அஞ்சும் எல்லைக்கோடும்.

“நான் விரும்புவதால் குளிர் வருவதில்லையே, என் விருப்பத்தில் குற்றம் என்ன?” என்று ஒருவர் கேட்கலாம். வாதம் சரியே. விருப்பத்தால் எந்த முதியவருக்கும் தீங்கு நேர்வதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 46 கோடுகளைக் காண மறுக்கும் அதே கண்தான், அடுத்த வீட்டில் நடுங்கும் முதியவரையும் காண மறுக்கிறது. சான்றைப் புறக்கணிப்பதும் மனிதரைப் புறக்கணிப்பதும் வெவ்வேறு குறைகள் போலத் தோன்றினாலும், விரும்பியதை மட்டுமே காணும் பழக்கம் என்ற ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

முன்னறிவிப்புத் துறை பிறந்ததே பிறர் உயிரைக் காக்கத்தான். 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் புயலில் சிக்கி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை ஏற்படுத்தினார். 1861 முதல் நாளிதழில் முன்னறிவிப்புகளும் வெளியிட்டார். அவை தீர்க்கதரிசனங்கள் ஆகா என்பதை அவர் தெளிவாக வலியுறுத்தினார்.

இந்த மரபை உணர்ந்த ஆர்வலருக்கு அவரது ஆசையே ஒரு தொண்டுக்கு வாயிலாகலாம். பலர் அறியும் முன்பே குளிரின் வருகையை ஊகிக்கக் கூடியவர் அவர். தனித்து வாழும் அண்டை வீட்டாரிடம் சென்று, “அடுத்த வாரம் கடுங்குளிர் வரக்கூடும், மருந்தும் உணவும் முன்னரே வாங்கி வைப்போம்” என்று அவர் சொல்லலாம். அந்தச் சொல்லில் ‘வரக்கூடும்’ என்ற சிறு சொல் இன்றியமையாதது. ஒவ்வொரு முறையும் ‘உறுதியாக வரும்’ என்று சொல்லிப் பழகியவரை, உண்மையில் ஆபத்து வரும் நாளில் எவரும் நம்ப மாட்டார்கள். சான்றுக்கு நேர்மையாக இருப்பது அறிவின் கடமை மட்டும் அன்று. அன்பின் கடமையும் ஆகும்.

நாம் வெண்பனிக்காகக் காத்திருக்காமல் இருக்கலாம். பிள்ளையின் தேர்வு முடிவு, உறவினரின் உடல்நலம், வழக்கின் தீர்ப்பு என்று நமக்கும் ஏதோ ஒன்று வானத்தில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. விரும்புவோம், அது மனித இயல்பு. ஆனால் முடிவு வரும் வரை நம் முன் விரியும் கோடுகள் அனைத்தையும் காண்போம். நமக்குப் பிடித்த கோட்டையும், பிடிக்காத கோட்டையும், நம் மகிழ்ச்சிக்கு வேறொருவர் விலை கொடுக்கும் கோட்டையும் காண்போம். அவ்வாறு காணப் பழகிய மனம், பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தன் கடமையைச் செய்ய ஆயத்தமாக இருக்கும்.