இயந்திரத்தின் கீழே இருந்தவர்கள்

விஞ்ஞான நூதனசாலைக்குச் செல்பவர் எதைக் காணச் செல்கிறார்? இயந்திரத்தையா, அதனோடு பிணைக்கப்பட்டிருந்த மனிதரையா? இவ்வினாவை அற்பமானதென்று நாம் ஒதுக்கிவிடலாகாது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள விஞ்ஞான, கைத்தொழில் நூதனசாலையை எடுத்துக்கொள்வோம். 1830ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லிவர்ப்பூல்–மான்செஸ்டர் புகையிரதப் பாதையின் பழைய நிலையமே அதன் இருப்பிடம். பருத்தி நூலாகித் துணியாகும் விந்தையை விளக்கும் இயந்திரங்கள் அங்கு பேணப்படுகின்றன. சாமுவேல் குரொம்ப்டன் 1779இல் உருவாக்கிய ‘மியூல்’ என்னும் நூற்பு இயந்திரம், பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கதிர்களை ஒருங்கே சுழற்றுமளவுக்கு வளர்ந்தது. மனித மதியின் இச்சாதனையைக் கண்டு வியப்பது நியாயமே.

ஆயின், ஓடிக்கொண்டிருந்த அவ்வியந்திரத்தின் கீழே சிறுவர் தவழ்ந்து சென்று பஞ்சுக் கழிவைத் திரட்டினர். ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பஞ்சாலைகளில் வேலைக்கமர்த்தலாகாதென விதிக்க 1833இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே அக்காலத்தின் நிலைமையை உணர்த்தும்.

“விஞ்ஞானத்தைக் காண வந்தவரிடம் துயரக் கதை எதற்கு?” எனச் சிலர் வினவுவர். அச்சிறுவர் ஏன் அங்கிருந்தனர்? இயந்திரத்தை நிறுத்தினால் இலாபம் குன்றும். சிற்றுடலோ அதன் கீழே நுழையும். எனவே, சிறுவனின் உடலும் அப்பொறியின் ஓர் உறுப்பாகவே கணக்கிடப்பட்டது. அவனை விட்டுவிட்டு இயந்திரத்தை விளக்குவது, ஒரு சக்கரத்தை மறைத்து விளக்குவதை ஒக்கும்; அது விஞ்ஞான விளக்கமாகவும் நிறைவு பெறாது.

அப்பருத்தியின் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகளின் கைகளாற் பறிக்கப்பட்டது. 1861இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டதும் பருத்தி வரத்துக் குன்றி, லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பட்டினியால் வாடினர். அவர்கள் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். எனினும், 1862 டிசம்பர் 31இல் மான்செஸ்டரிற் கூடிய தொழிலாளர், அடிமைத்தனத்தை ஒழிக்கும் முயற்சியை ஆதரித்து ஆபிரகாம் லிங்கனுக்கு எழுதினர். அடுத்த மாதமே லிங்கன் பதிலளித்தார். பசித்திருந்தவர்களுக்கு, தம் கதிர்களுக்கு அப்பால், கடல் கடந்திருந்த அடிமையின் கைகள் புலப்பட்டன. பசியின்றிப் பார்வையிடும் நமக்கு அவை புலப்படாதிருத்தல் தகுமா?

நாம் இயந்திரத்தைப் பழிக்கவில்லை. உழைப்பின் சுமையைக் குறைக்கும் ஆற்றல் அதற்குண்டு. அவ்வாற்றல் எவர் நலனுக்குப் பயன்படுத்தப்பட்டது என்பதே வினா. ஆகவே, மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரின் பணி இரட்டிப்பானது. “இது எவ்வாறு இயங்குகிறது?” என்று கேட்கும் மாணவன், “இதனை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது?” என்றும் கேட்கப் பழக வேண்டும்.