மூக்கை நிமிர்த்து!

டெக்சாஸில் நான்கு சக்கர இயக்க பிக்கப் வாங்கிவிட்டாய், தம்பி. சற்றுத் தள்ளி நின்று பார். முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, யாரிடமோ திட்டு வாங்கியவனைப்போல் நிற்கிறது. குறையில்லை அது. பின்னால் சுமை ஏற்றினாலோ டிரெய்லர் இழுத்தாலோ பின்பகுதி அமுங்கும். அப்போது வண்டி மட்டத்துக்கு வரட்டும் என்று கம்பெனி கணக்குப் போட்டிருக்கிறது. நியாயமான கணக்குத்தான். ஆனால் நீ அந்தச் சுமையை ஏற்றுவதே இல்லையே! வராத பாரத்துக்காக ஏன் குனிந்தே ஓட வேண்டும்? நிமிர்த்து! உன் கையாலேயே நிமிர்த்து!

"நமக்கெங்கே இதெல்லாம் வரும்?" என்று உள்ளே ஒரு குரல் கிளம்பும். ஸ்பேனர் பிடிப்பதை இளக்காரமாகப் பார்த்து வளர்ந்த நம் பட்டதாரிகளிடம் அது கொஞ்சம் உரக்கவே கேட்கும். அதோடு வாதாடாதே, டேப்பை எடு. சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே மட்கார்டு விளிம்புவரை அள. நான்கு எண்களையும் எழுதிவை. "என்னமோ சாய்ந்திருக்கிறது" என்ற மிரட்சி போய், இத்தனை அங்குலம் என்று கைக்குள் வந்துவிடும்.

அடுத்து, உன் வண்டியைப் படி. 1999 முதல் 2006 வரை வந்த நான்கு சக்கர இயக்க சில்வராடோ 1500 என்றால் முன்னால் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி. அதன் போல்ட்டைத் திருகினாலே மூக்கு எழும். 2004-க்குப் பிந்தைய எஃப்-150 என்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாய்ச் சேர்ந்த ஸ்ட்ரட். அதன் தலைமேல் ஸ்பேசர் வைக்க வேண்டும். இரண்டு அங்குலம் உயர்த்த இரண்டு அங்குல ஸ்பேசர் தேவையில்லை. ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்மின் இடையில் உட்கார்ந்திருப்பதால், அங்கே கொஞ்சம் நகர்ந்தாலே சக்கரத்தில் அதிகம் நகரும். பள்ளியில் நீ படித்த நெம்புகோல்தான்!

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே, ஸ்டாண்டு வை. ஸ்ட்ரட் உள்ள வண்டியென்றால், அதன் தலையைச் சுற்றியுள்ள மூன்று நட்டுகளைக் கழற்று. நடு நட்டைத் தொடவே தொடாதே. அதன்கீழ் ஸ்பிரிங் நசுங்கிக் கிடக்கிறது, விடுபட்டால் ஆளையே கொல்லும். இதைத் தெரிந்துகொண்டு கை வைப்பவன்தான் துணிந்தவன். நான்கு அங்குலம் தூக்கிக் காட்டுகிறேன் என்று ஸ்பேசர்மேல் ஸ்பேசர் அடுக்குபவன் சி.வி. ஜாயின்ட்டையும் பால் ஜாயின்ட்டையும் அளவுக்கு மீறிய கோணத்தில் ஓடவிட்டுச் சீக்கிரமே தேய்க்கிறான். அவனைப் பார்த்து ஏங்காதே.

கண்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தினாயா? சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிடாதே; ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துபோகும். வண்டி சொந்தக் காலில் நிற்கட்டும், பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்கு. மூக்கு எழுந்ததால் ஹெட்லைட்டும் எழுந்திருக்கும். எதிரே வருபவர் கண் கூசாதபடி இறக்கிவை. அப்படியே வீல் அலைன்மென்ட் கடைக்கு விடு. காம்பர், டோ என்னும் சக்கரக் கோணங்கள் எல்லாம் மாறியிருக்கும், கட்டாயம் பார்த்தாக வேண்டும். "எந்த ஒர்க் ஷாப்பில் செய்தாய்?" என்று அங்கே கேட்பார்கள். "வீட்டு வாசலில், நானே" என்று குரலைத் தாழ்த்தாமல் சொல்!